வலது கையைக் கேட்டு உருப்படியைத் தேர்ந்தெடுங்கள்: செல்லோ பழகுபவர்களுக்கு

பட்டர்வொர்த்திலிருந்து ஃபெரியில் வரும் மாணவி ஒருவர் எனக்கு உண்டு. நர்ஸ் வேலை. இரவு ஷிஃப்ட் முடிந்த காலையில் செல்லோவை முதுகில் மாட்டிக்கொண்டு ஜெட்டியில் இறங்கி, பஸ் பிடித்து என் வீட்டு மாடிக்கு வருவார். முதல் நாளே சொல்லிவிட்டார்: "டீச்சர், எனக்கு அந்த அன்னம் மட்டும் வாசிக்கத் தெரிஞ்சா போதும். வேற எதுவும் வேணாம்." அன்னம் என்பது சான்-சோன்ஸ் என்பவர் செல்லோவுக்கு எழுதிய ஒரு சின்ன உருப்படி. அதை மூன்று மாதத்தில் வாசித்துவிடலாம் என்று யாரோ அவரிடம் சொல்லியிருந்தார்கள். சுரங்கள் குறைவு, வேகம் கிடையாது, சுமார் மூன்று நிமிடத்தில் முடிந்துவிடும். அப்படியானால் சுலபம்தானே?

இல்லை. அதை விளக்கத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். பினாங்கின் ஜார்ஜ்டவுனில் இருபத்திரண்டு வருடமாகச் செல்லோ சொல்லிக்கொடுக்கிறேன். வருகிறவர்கள் எல்லாரும் ஐந்தாறு உருப்படிகளின் பெயரைத்தான் சொல்கிறார்கள்: பாக்கின் முதல் சூட், அன்னம், வோகலீஸ், எலெஜி, கோல் நித்ரை, எல்கர். எல்லாமே விரும்பத் தகுந்தவை. ஆனால் எதை முதலில் எடுப்பது என்று முடிவு செய்யும்போது எல்லாரும் இடது கையைப் பார்க்கிறார்கள்: எத்தனை சுரம், எவ்வளவு உயரம், எவ்வளவு வேகம். செல்லோவில் சுரத்தைக் காட்டுவதுதான் இடது கை. அதைப் பாட வைப்பது வில் பிடித்திருக்கும் வலது கை. அந்தக் கை எதற்குத் தயார் என்று பார்த்து உருப்படியை எடுத்தால், இரண்டு வருட வருத்தம் மிச்சமாகும்.

இதைப் படிப்பவர் செல்லோ தொட்டு ஒன்றரை இரண்டு வருடம் ஆனவர், முதல் பொசிஷன் (கழுத்தில் இடது கை நிற்கும் இடம்) பழகியவர், நான்காம் பொசிஷனுக்குக் கை நகரத் தொடங்கியவர் என்று வைத்துக்கொள்கிறேன்.

முதலில் ஒத்து

சின்ன வயதில் நவராத்திரிக்கு அம்மா என்னைக் குயின் ஸ்திரீட் மாரியம்மன் கோவிலுக்குக் கூட்டிப்போவார். எல்லாரும் நாதஸ்வரக்காரரைப் பார்ப்பார்கள். நான் பக்கத்தில் ஒத்து ஊதுகிறவரைப் பார்ப்பேன். கன்னம் உப்பியிருக்கும். மூக்கால் மூச்சை இழுத்துக்கொண்டே வாயால் விட்டுக்கொண்டிருப்பார். அந்த ஒரே சுரம் அறுபடவே அறுபடாது. எப்போது மூச்சு வாங்குகிறார் என்று கண்டுபிடிக்க முயன்று ஒவ்வொரு வருடமும் தோற்றுப்போவேன். இப்போது பல இடங்களில் ஒத்துக்குப் பதிலாகச் சுருதிப் பெட்டி வந்துவிட்டது. அந்த மனிதரின் கன்னத்தை மட்டும் நான் மறக்கவில்லை. செல்லோவில் வில் திரும்பும் இடம் அவர் மூச்சு வாங்கிய இடம் மாதிரி இருக்க வேண்டும். கேட்பவருக்குத் தெரியக் கூடாது.

பரீட்சை இதுதான். மெட்ரோனோமை 60-இல் வையுங்கள். டி கம்பியைத் திறந்தபடி, விரல் வைக்காமல், வில்லின் அடியிலிருந்து நுனிவரை எட்டு எண்ணிக்கைக்கு இழுங்கள். திரும்பி எட்டு எண்ணிக்கைக்குத் தள்ளுங்கள். ஒலி தொடக்கத்தில் எப்படி இருந்ததோ முடிவிலும் அப்படியே இருக்க வேண்டும். நடுங்கக் கூடாது, நுனியில் மெலியக் கூடாது, திரும்பும் இடத்தில் 'டக்' என்று கேட்கக் கூடாது.

வில்லின் எடை சுமார் 80 கிராம்தான். அடியில் உங்கள் கை நேராகக் கம்பிமேல் இருப்பதால் எடை தானாக இறங்கும். நுனிக்குப் போகப் போகக் கை தூரமாகிவிடும், எடை போதாது. அப்போது பெரும்பாலானவர்கள் ஆள்காட்டி விரலால் அழுத்துகிறார்கள், ஒலி கரகரக்கிறது. அழுத்த வேண்டாம். முழங்கையைக் கொஞ்சம் உயர்த்தி, முதுகிலிருந்து தோள் வழியாகக் கை முழுவதும் கம்பியில் சாய்வதுபோல் விடுங்கள். வில் பிடிக்கும் கட்டைவிரல் மடங்கி மென்மையாக இருக்க வேண்டும். அது விறைத்தால் மணிக்கட்டு விறைக்கும், மணிக்கட்டு விறைத்தால் ஒலி விறைக்கும்.

வேகம், எடை, இடம். இந்த மூன்றுதான் வலது கையின் மொத்தப் பாடம். இடம் என்றால் கம்பிகளைத் தாங்கும் குதிரைக்கும் விரல்பலகைக்கும் நடுவில் வில் எங்கே உரசுகிறது என்பது. வில் மெதுவாகப் போகிறதா, குதிரைக்குப் பக்கத்தில் போங்கள்; அங்கே கம்பி மெதுவான வில்லையும் எடையையும் தாங்கும். வேகமாகவும் லேசாகவும் போகிறதா, விரல்பலகைப் பக்கம் தள்ளுங்கள்.

எட்டு எண்ணிக்கை சீராக வந்தால் பாக்கைத் தொடுங்கள். பன்னிரண்டு வந்தால் அன்னம். அதே பன்னிரண்டைப் பலமாக ஒரு முறையும் மிக மெலிதாக ஒரு முறையும் எடுக்க முடிந்தால் எலெஜி. இது புத்தகத்தில் உள்ள விதி இல்லை, நான் மாணவர்களை வைத்துப் பார்த்துப் பார்த்துச் சேர்த்த அளவுகோல். தினமும் பத்து நிமிடம் இதற்குப் போதும். ஒத்து ஊதும் நேரம் என்றுதான் என் வகுப்பில் இதற்குப் பெயர்.

பாக்: ஒரே ஒரு விரலில் தொடங்கும் முதல் சூட்

சூட் என்றால் ஒரு முன்னுரையும் சில நடன வடிவங்களும் சேர்ந்த தொகுப்பு. பாக் துணை வாத்தியம் இல்லாமல் செல்லோவுக்கென்றே எழுதிய சூட்டுகள் ஆறு. அவர் கோத்தன் நகரத்து அரசவையில் இருந்த 1717 முதல் 1723 வரையான காலத்தில் எழுதியவை என்று பொதுவாகக் கருதுகிறார்கள். அவருடைய கையெழுத்துப் பிரதி கிடைக்கவில்லை. மனைவி அன்னா மக்தலேனா எடுத்த படிதான் நமக்கு வந்திருக்கும் முக்கியமான ஆதாரம். அந்தப் படியில் எந்தச் சுரங்களை ஒரே வில்லில் சேர்ப்பது என்று காட்டும் வளைகோடுகள் பல இடங்களில் தெளிவாக இல்லை. அதனால்தான் ஒவ்வொரு பதிப்பும் ஒவ்வொரு விதமாகச் சொல்கிறது. உங்கள் புத்தகமும் தோழியின் புத்தகமும் ஒத்துப்போகவில்லை என்றால் பதற வேண்டாம். இரண்டும் யாரோ ஒருவர் யோசித்து எடுத்த முடிவுதான்.

முதல் சூட்டின் பிரெலூட், அதாவது முன்னுரைப் பகுதி, 42 ஆவர்த்தனம். வெஸ்டர்ன் வகுப்பில் பார் என்பார்கள். எனக்கு ஆவர்த்தனம் என்றால்தான் மனம் ஒட்டுகிறது. கேட்கும்போது சுரங்கள் ஆறாக ஓடும், பார்த்தால் பயமாக இருக்கும். பயப்படாமல் முதல் ஆவர்த்தனத்தைப் பிரித்துப் பாருங்கள். ஜி-யைச் சட்ஜமமாக வைத்துப் பாடினால் இப்படி வரும்:

ச ப க ரி க ப க ப

இதையே இரண்டு முறை. கீழ் ச திறந்த ஜி கம்பி. ப திறந்த டி கம்பி. மேல் ரி திறந்த ஏ கம்பி. க மட்டும் ஏ கம்பியில் ஆள்காட்டி விரல். ஆக, உலகமே கொண்டாடும் இந்த உருப்படியின் முதல் ஆவர்த்தனத்தில் இடது கைக்கு ஒரே ஒரு விரல்தான் வேலை. மீதி எல்லாம் வலது கை மூன்று கம்பிகளுக்கு நடுவே போய் வருவது. இதைச் சொன்னதும் பதினோரு வயதுப் பையன் ஒருவன் என்னை நம்பாமல் பார்த்தான். வாசித்துவிட்டு மறுபடி மறுபடி அதே ஆவர்த்தனத்தை அந்த வகுப்பு முழுக்க வாசித்தான். நான் தடுக்கவில்லை.

இரண்டாவது ஆவர்த்தனம்: ச த ம க ம த ம த. இங்கே ஒரு நுணுக்கம். த-வும் க-வும் பக்கத்துப் பக்கத்துக் கம்பியில் ஒரே நேர்கோட்டில் இருக்கின்றன. விரலைத் தூக்கித் தூக்கி வைக்காமல் ஆள்காட்டி விரலை இரண்டு கம்பியிலும் சேர்த்துப் படுக்கவிட்டு, நடுவிரலால் ம-வைத் தொடுங்கள். மூன்றாவது: ச நி ம க ம நி ம நி. நான்காவதில் மறுபடி ச-வுக்கு வந்து சேர்கிறது.

கவனித்தீர்களா, இந்த நான்கு ஆவர்த்தனத்திலும் அடியில் அதே ச நிற்கிறது. மேலே ஸ்வரங்கள் நகர்கின்றன, கீழே சட்ஜமம் அசையவில்லை. தம்பூரா! அதனால் நான் சொல்லும் முதல் பயிற்சி: கைபேசியில் சுருதிப் பெட்டியை ஐந்து கட்டைக்கு, ச-ப வைத்து ஓடவிடுங்கள். அதன்மேல் இந்த நான்கு ஆவர்த்தனங்களை மெதுவாக வாசியுங்கள். உங்கள் க சற்றே ஏறினாலும் இறங்கினாலும் காதே சொல்லிவிடும். ஐந்தாவது ஆவர்த்தனத்தில் பெட்டியை நிறுத்துங்கள். அங்கே பாக் வேறு சுருதியை நோக்கி நடக்கத் தொடங்குகிறார். ஒரே ஆதார ஸ்ருதியில் ராகத்தை விரிக்கும் நம் வழக்கத்துக்கும் அவர்கள் வழக்கத்துக்கும் உள்ள வித்தியாசம் காதில் விழுவதும் அங்கேதான்.

இரண்டாவது பயிற்சிக்கு இடது கையே வேண்டாம். விரல் வைக்காமல், திறந்த கம்பிகளில் மட்டும் முதல் ஆவர்த்தனத்தின் கம்பி வரிசையை வில்லால் வாசியுங்கள்: ஜி, டி, ஏ, ஏ, ஏ, டி, ஏ, டி. வில் முனை காற்றில் ஒரு சின்ன வளைவு வரைய வேண்டும், படிக்கட்டு வரையக் கூடாது. ஏ-யிலிருந்து டி-க்குப் போக முழுக்கையும் ஆட வேண்டியதில்லை, மணிக்கட்டு அசைந்தால் போதும். ஜி-க்கு இறங்கும்போது மட்டும் முழங்கை முன்கூட்டியே தாழ ஆரம்பிக்க வேண்டும். முன்கூட்டியே என்பதை அழுத்திச் சொல்கிறேன். நேரம் வந்த பிறகு தாழ்த்தினால் தாமதம், தாமதம் என்றால் இடிப்பு.

மூன்றாவது, எட்டு சுரத்தை ஒரு வில்லில் சேர்த்து, பிறகு நான்கு நான்காக, பிறகு தனித்தனியாக. மூன்று விதமும் கைக்கு வந்த பிறகு எது உங்கள் காதுக்கு மூச்சு விடுகிறதோ அதை வைத்துக்கொள்ளுங்கள்.

22-ஆவது ஆவர்த்தனத்தில் ஒரு நிறுத்தம் வருகிறது. அவசரப்படாதீர்கள். அங்கே நிஜமாகவே நில்லுங்கள். அடுத்த பாதி ஒரு கேள்விபோலத் தொடங்குகிறது. கேள்வி கேட்பதற்கு முன் மனிதர்கள் எடுக்கும் இடைவெளி அது. கடைசிப் பகுதியில் திறந்த ஏ கம்பி இடைவிடாமல் ஒலிக்க, டி கம்பியில் சுரங்கள் மாறும். முன்பு விரல் இல்லாமல் செய்த வில் பயிற்சி அங்கேதான் பலன் தரும்.

பிரெலூட் இன்னும் கனமாக இருந்தால் அதே சூட்டின் மினுவெட், அல்லது மூன்றாவது சூட்டின் பூரே. நடன வடிவங்கள், தாளம் கையைப் பிடித்து அழைத்துப் போகும். குழந்தைகளுக்கு நான் பூரேயைத்தான் முதலில் தருவேன்.

செல்லோ மேதை பாப்லோ காசல்ஸ் 13 வயதில், 1890-இல், அப்பாவோடு பார்சலோனாவில் கடை கடையாகப் போனபோது பழைய இசைத்தாள்களுக்கு நடுவே இந்தச் சூட்டுகளைக் கண்டெடுத்தார். பொது மேடையில் ஒரு முழுச் சூட்டை வாசிப்பதற்கு முன் பன்னிரண்டு வருடம் வீட்டில் பழகினார். 1936-க்கும் 1939-க்கும் இடையில் ஆறையும் ஒலிப்பதிவு செய்தார். அதற்கு முன் பலர் இவற்றை வெறும் பயிற்சித் தாளாகவே நினைத்திருந்தார்கள். பன்னிரண்டு வருடம் என்பதை என் மாணவர்களிடம் அடிக்கடி சொல்வேன். பயமுறுத்த இல்லை. மூன்று மாதத்தில் வரவில்லையே என்று அழுகிறவர்களுக்கு அது ஓர் ஆறுதல்.

அன்னம்

கமீய் சான்-சோன்ஸ் 1886-இல் 'விலங்குகளின் திருவிழா' என்ற தொகுப்பை எழுதினார். தன் ஆயுளில் அந்தத் தொகுப்பிலிருந்து அன்னத்தை மட்டும்தான் அச்சிட அனுமதித்தார். மீதி வெளியானது அவர் இறந்த பிறகு, 1922-இல். மூலத்தில் செல்லோவுக்குக் கீழே இரண்டு பியானோக்கள் நீர்போல அலை எழுப்புகின்றன. அன்னம் அதன்மேல் நகர்கிறது. தண்ணீருக்கடியில் அதன் கால்கள் செய்யும் வேலை மேலே தெரியாது. உங்கள் வலது கை செய்ய வேண்டியதும் அதுதான்.

தொடக்கத்தை, மறுபடி ஜி-யைச் சட்ஜமமாக வைத்து, வாய்விட்டுப் பாடுங்கள்:

ச நி க த ப ச ரி க ம

முதல் ச, நி மேலே இருக்கின்றன. க சட்டென்று கீழே இறங்குகிறது. த, ப மறுபடி மேலே. பிறகு கீழ் ச-விலிருந்து படிப்படியாக ஏறி ம-வில் நெடுநேரம் நிற்கிறது. சங்கராபரணத்தின் ஏழு ஸ்வரமும் முதல் வாக்கியத்திலேயே வந்துவிடுகின்றன. பாட்டு வகுப்புக்குப் போயிருக்கும் பிள்ளைகள் இதைப் பத்து நிமிடத்தில் பாடிவிடுவார்கள். பாடும்போது நி-யிலிருந்து க-வுக்குத் தாவும் இடத்தில் உங்கள் தொண்டை என்ன செய்கிறது என்று பாருங்கள். உடையாமல், ஆனால் ஒரு மென்மையோடு இறங்கும். அதையே இடது கையிடம் கேளுங்கள். முதல் ச-வை நான் ஏ கம்பியில் நான்காம் பொசிஷனில் சுண்டு விரலால் எடுக்கச் சொல்கிறேன். சுண்டு விரல் தனியாக நிற்காது. மற்ற மூன்று விரலும் பின்னால் வந்து தாங்க வேண்டும்.

இப்போது வில். ஒவ்வொரு ஆவர்த்தனத்திலும் ஆறு அடி. அந்த ஆறையும் ஒரே வில்லில், ஏறத்தாழ ஆறு விநாடியில் கொண்டுபோக வேண்டும். பதினெட்டு வயதில் நான் ஒரு பள்ளி மண்டபத்தில் இதை வாசித்தேன். முதல் ச அழகாக வர வேண்டும் என்ற ஆசையில் பாதி வில்லை அதிலேயே செலவழித்துவிட்டேன். நெடுஞ்சுரம் வந்தபோது கையில் நாலு அங்குலம் வில்தான் மிச்சம். ஒலி கம்மி, நடுங்கி, அறுந்தது. முன்வரிசையில் அப்பா உட்கார்ந்திருந்தார். அன்று இரவே என் டீச்சர், பினாங்குச் சீனப் பெண்மணி, என் வில்லின் குச்சியில் ஆறு சின்னக் காகிதத் துண்டுகளை ஒட்டினார். "ஒவ்வொரு அடிக்கும் ஒரு துண்டு. அதற்குமேல் செலவு செய்யாதே," என்றார். ஒரு மாதம் அப்படியே வாசித்தேன். காகிதத்தை எடுத்த பிறகும் கண்ணுக்கு அது தெரிந்தது.

நீங்களும் ஒட்டுங்கள். எளிதில் பிரியும் பேப்பர் டேப் போதும். வில் முடியில் படாமல், குச்சியில் மட்டும். ஆறு துண்டும் சம நீளமாக இருக்க வேண்டியதில்லை என்பது இரண்டாவது வாரப் பாடம். நெடுஞ்சுரத்தில் ஒலி மலர வேண்டிய இடத்துக்கு வில்லைச் சேமித்து வைத்துக் கொடுங்கள்.

வைப்ராட்டோவை அன்னத்தில் முதல் நாளே சேர்க்காதீர்கள். எங்கள் ஊர்ப் பிள்ளைகளில் பலர் கர்நாடக வயலினோ வாய்ப்பாட்டோ பழகிவிட்டு வருகிறார்கள். அவர்கள் கை தானாகக் கமகத்துக்குப் போகும். கமகம் ஸ்வரத்திலிருந்து ஸ்வரத்துக்கு அர்த்தத்தோடு அசைவது. செல்லோ வைப்ராட்டோ ஒரே ஸ்வரத்தைச் சுற்றிய சிறு அசைவு, முழங்கையிலிருந்து வருவது. இரண்டையும் கலந்தால் சுரம் எங்கே நிற்கிறது என்றே தெரியாது. அன்னத்தை மூன்று வாரம் அசைவே இல்லாமல் வாசியுங்கள். வெறும் வில்லாலேயே அது அழகாக ஆன பிறகு, வைப்ராட்டோ அதன்மேல் வெளிச்சம்போல விழும்.

நர்ஸ் மாணவிக்கு நான் அன்னத்தை மறுக்கவில்லை. முதல் வாக்கியத்தை மட்டும் கொடுத்தேன். ஒத்து ஊதிய பிறகு தினமும் அந்த ஒன்பது சுரம். மீதிக்கு எட்டு மாதம் ஆனது.

நடுவில் கொஞ்சம் ஈரப்பதம்

இதைச் சொல்லாமல் பினாங்கில் செல்லோ பற்றி எழுதக் கூடாது. வெளியே காற்றில் ஈரப்பதம் எண்பது விழுக்காட்டைச் சாதாரணமாகத் தொடும். செல்லோ மரத்துக்கு நாற்பதிலிருந்து அறுபது வரை இருந்தால் நல்லது. ஈரத்தில் மரம் ஊதும், கம்பியை முறுக்கும் பிருடை இறுகிச் சுற்ற வராது. ஏர்கானை ராத்திரி முழுக்க ஓடவிட்டால் மரம் காய்ந்து பிருடை நழுவி, காலையில் நாலு கம்பியும் தளர்ந்திருக்கும். ஏறி இறங்குவதுதான் கெடுதல். பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலமும் ஒரு சின்ன ஈரமானியும் வையுங்கள். காடிக்குள், அதாவது காருக்குள், பத்து நிமிடம்கூட வெயிலில் விட்டுப்போகாதீர்கள். செல்லோவை ஒட்டியிருக்கும் பசை சூட்டில் இளகும், பக்கவாட்டு இணைப்பு திறந்துவிடும். மழை நாளில் வில்லில் தேய்க்கும் ரோசின் பிசுபிசுக்கும், குறைவாகப் போடுங்கள்.

பாடலிலிருந்து வந்தவை

அன்னத்துக்கும் எலெஜிக்கும் நடுவில் இரண்டு உருப்படி வைத்திருக்கிறேன். இரண்டுமே முதலில் மனிதக் குரலுக்கு எழுதப்பட்டவை. ராஹ்மானினோவின் வோகலீஸ், அவருடைய 34-ஆவது ஓபஸின் கடைசிப் பாடல். அதற்குச் சொற்களே இல்லை. பாடகர் ஓர் உயிரெழுத்தைத் தேர்ந்துகொண்டு முழுக்க அதிலேயே பாட வேண்டும். நம் ஊரில் சொன்னால் அகாரம். அகார சாதகம் செய்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டியதில்லை: மெய்யெழுத்து இல்லாததால் சுரத்துக்குச் சுரம் தொடக்கம் இடிக்காது. வில்லும் அப்படித்தான் போக வேண்டும். இன்னொன்று ஃபோரேயின் 'கனவுக்குப் பின்' என்ற பாடல். செல்லோவுக்கு அதை மாற்றி அமைத்தவர் காசல்ஸ். சின்னது, ஆனால் மூன்றின்மேல் இரண்டு வரும் தாள இடங்களில் தடுக்கும். வாயால் தாளம் போட்டுப் பாடிவிட்டு வாசியுங்கள்.

எலெஜி, கோல் நித்ரை

ஃபோரேயின் எலெஜி சி மைனரில், 1880-இல் எழுதியது. முதல் வாக்கியம் பலமாக வருகிறது. உடனே அதே வாக்கியம் மிக மெலிதாகத் திரும்புகிறது. உருப்படியின் உயிர் இந்த இரண்டுக்கும் உள்ள தூரத்தில் இருக்கிறது. எங்கள் வீட்டுத் துக்கங்களில் பார்த்திருக்கிறேன்: முதல் நாள் ஒப்பாரி, பதினாறாம் நாள் அதே வார்த்தைகளை அத்தை ஒருவர் தூண் ஓரத்தில் உட்கார்ந்து தனக்குள் சொல்லிக்கொண்டிருப்பார். இரண்டாவது வாக்கியம் அந்த அத்தை. மெலிது என்றால் பலவீனம் இல்லை. வில்லை விரல்பலகைப் பக்கம் நகர்த்துங்கள், எடையைக் குறையுங்கள், ஆனால் வேகத்தைக் குறைக்காதீர்கள். வேகமும் குறைந்தால் ஒலி செத்துவிடும். நடுப்பகுதியில் சுரங்கள் கொட்டும் இடத்தை மட்டும் தனியாக எடுத்து, பாதி வேகத்தில், இரண்டு வாரம்.

மாக்ஸ் ப்ரூக்கின் கோல் நித்ரை சுமார் பத்து நிமிடம். யோம் கிப்பூர் நோன்பின் முந்தின மாலையில் யூதர்கள் ஓதும் வழிபாட்டின் மெட்டு. ப்ரூக் யூதர் இல்லை. லிவர்பூலில் இருந்தபோது 1880-இல் எழுதி முடித்தார். மெட்டு தொடர்ந்து ஓடாது. விம்மி, நின்று, மறுபடி விம்மும். அந்த இடைவெளிகளில் வில்லைக் கம்பியிலிருந்து தூக்காதீர்கள். கம்பிமேலேயே அசையாமல் வைத்திருங்கள். தூக்கினால் வாக்கியம் முடிந்துவிட்டது என்று கேட்பவர் நினைப்பார். வைத்திருந்தால் பேசத் தவிக்கிறவரின் வாய்போல இருக்கும். ஒலியைவிட மௌனத்தைப் பிடித்து வைப்பது கடினம் என்று இந்த உருப்படியில்தான் எனக்குப் புரிந்தது. டி மைனரில் தொடங்கி டி மேஜரில் முடியும். மாறும் இடத்தில் வேகத்தை மாற்றாமல் ஒலியின் நிறத்தை மட்டும் மாற்றுங்கள்.

எல்கர், ட்வோர்ஷாக் எழுதிய கான்செர்டோக்களை, அதாவது ஆர்கெஸ்ட்ராவோடு தனிச் செல்லோ வாசிக்கும் பெரிய உருப்படிகளைப் பற்றிக் கேட்பவர்களுக்கு: கேளுங்கள், நிறையக் கேளுங்கள். எல்கரின் கான்செர்டோ 1919-இல் முதல் முறை மேடையேறியபோது ஒத்திகை போதாமல் சோபிக்கவில்லை. செல்லோக் கலைஞர் ஜாக்குலின் டு ப்ரே 20 வயதில், 1965-இல் செய்த ஒலிப்பதிவுதான் அதை வீடு வீடாகக் கொண்டுபோனது. ஹைடனின் சி மேஜர் கான்செர்டோ 1961-இல் பிராகில் கண்டெடுக்கப்படும்வரை தொலைந்தே கிடந்தது. வாசிப்பதற்கு ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் நாள் வந்தால் அந்த ஹைடனில் தொடங்குங்கள். கோலாலம்பூர் போகும் வாய்ப்பு கிடைத்தால் இரட்டைக் கோபுரத்தடியில் இருக்கும் டேவான் ஃபில்ஹார்மோனிக் அரங்கில் ஒரு செல்லோ கச்சேரியை நேரில் கேளுங்கள். ஆர்கெஸ்ட்ராவுக்கு மேலே அந்த ஒரு குரல் எப்படி எழுகிறது, வாசிப்பவரின் வலது தோள் எவ்வளவு தளர்வாக இருக்கிறது என்பதைப் பாருங்கள்.

நாற்பது நிமிடத்தை எப்படிப் பிரிப்பது

வேலைக்குப் போகிறவர்களுக்கு நாற்பது நிமிடம் கிடைத்தாலே பெரிது. பத்து நிமிடம் ஒத்து. ஐந்து நிமிடம், அன்றைய உருப்படியைச் செல்லோவைத் தொடாமல் பாடுவது. இருபது நிமிடம் உருப்படியில் நான்கே நான்கு ஆவர்த்தனம். முதலிலிருந்து கடைசிவரை ஓட்ட வேண்டாம். ஓட்டினால் தெரிந்த இடம்தான் இன்னும் நன்றாகத் தெரியும். கடைசி ஐந்து நிமிடம் ஏற்கெனவே கைவந்த ஒன்றை, யாருக்கோ வாசிப்பதுபோல. வீட்டில் பாட்டி இருந்தால் அவருக்கே வாசியுங்கள்.

வீட்டிலேயே முதல் முறை நாலு பேருக்கு வாசிக்கும் நாள் வரும். எங்கள் ஊர் வீடுகளில் தரை டைல்ஸ். செல்லோவின் அடியில் இருக்கும் எண்ட்பின் வழுக்கிக்கொண்டு ஓடும். நாற்காலியின் முன்கால்களில் மாட்டும் பட்டை ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் அடியில் ரப்பர் ஒட்டிய மிதியடியை விரித்து அதில் குத்தி நிறுத்துங்கள். கைப்பிடி இல்லாத நாற்காலி, முழங்கால் இடுப்பைவிட உயராமல். விருந்தாளிகள் வருவதற்கு அரை மணி நேரம் முன்பே ஏர்கானை வாசிக்கும்போது இருக்கப்போகும் அளவில் வைத்துவிட்டுப் பிறகு சுருதி சேருங்கள். ஃபேனை நிறுத்துங்கள், தாள் பறக்கும். முதல் சுரத்துக்கு முன் ஒரு முழு வில்லை மனத்துக்குள் எட்டு எண்ணிக்கைக்கு இழுத்துப் பாருங்கள், பிறகு தொடங்குங்கள்.